துப்பாமல் கொப்பளிப்பது

எங்கள் வீட்டில் சாப்பிட்டு எழுந்தவன் கொப்பளிக்காமல் உள்ளே வர முடியாது. சின்ன வயதில் முற்றத்துத் தொட்டியருகே நின்று, வாய் நிறையத் தண்ணீர் எடுத்து, கன்னம் அதிரக் கொப்பளித்து, யார் துப்பியது தென்னை மரத்தடி வரை போகிறது என்று நானும் அண்ணனும் போட்டி போட்டிருக்கிறோம். அப்படி ஊறிப்போன பழக்கம் அது. இடது கீழ்க் கடைவாயில் ஞானப்பல்லை எடுத்த அன்று ராத்திரி என்னைக் கவிழ்த்ததும் அதுதான்.

எனக்கு 44 வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அந்தப் பல் வருஷத்துக்கு இரண்டு முறையாவது ஈறு வீங்கி, வாய் திறக்க முடியாமல் பண்ணிவிட்டு, மாத்திரைக்கு அடங்கி, மறுபடி கிளம்பும். முழு வாயையும் ஒரே படமாக எடுக்கும் ஓபிஜி எக்ஸ்ரேயில் பார்த்தால், நேராக முளைக்க வேண்டியது அப்படியே படுத்துக்கொண்டு முன்னாலிருந்த பல்லின் வேரை முட்டிக்கொண்டிருந்தது. "இதைப் பிடுங்க முடியாது சார், அறுத்துத்தான் எடுக்கணும்" என்றார் டாக்டர்.

அறுவை சிகிச்சையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மரத்துப்போக ஊசி போட்ட பிறகு வலி தெரியவில்லை. ஈறைக் கீறி, கொஞ்சம் எலும்பைக் குடைந்து, பல்லை இரண்டாகப் பிளந்து எடுத்தார்கள். பிளந்தபோது கரும்பை முறிக்கிற சத்தம் காதுக்கு உள்ளேயே கேட்டது. மூன்று தையல். குழியின் மேல் காஸ் துணியை மடித்து வைத்து, "முக்கால் மணி நேரம் கடிச்சுக்கிட்டே இருங்க, நடுவுல எடுத்து எடுத்துப் பார்க்காதீங்க" என்றார் நர்ஸம்மா. கூடவே ஒரு தாள். முழுக்க ஆங்கிலம். அதைப் படித்தும் காட்டினார். வாயில் துணியோடு எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தாளைச் சட்டைப்பையில் மடித்து வைத்தேன். மறுநாள் அது துவைத்த துணியோடு கூழாக வெளியே வந்தது.

துணியை எடுத்தபின் வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. இரும்பைச் சப்பியது போல ஒரு ருசி. எச்சிலெல்லாம் சிவப்பு. ரத்தம் நிற்கவில்லையோ என்று வீட்டில் எல்லோருக்கும் பயம். ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டுச் சிவப்பு மை விட்டாலே முழுத் தம்ளரும் சிவக்கும் என்பது வாத்தியாருக்குத் தெரியாததா? ஆனால் வாய் நம்முடையதாக இருக்கும்போது அந்தக் கணக்கெல்லாம் மறந்துவிடுகிறது. முதல் நாள் எச்சில் இளஞ்சிவப்பாக இருப்பது சாதாரணம். கெட்டியாக, வாய் நிறைய, நிற்காமல் வந்தால்தான் ரத்தக் கசிவு. அப்போதும் முதலில் செய்ய வேண்டியது கொப்பளிப்பதல்ல; சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து, மடித்துக் குழியின் மேல் வைத்து, மறுபடி அரை மணி நேரம் கடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்காருவது. அதற்கும் அடங்காவிட்டால் டாக்டருக்குப் போன்.

ராத்திரி பத்து மணி இருக்கும். ஆறிய பால்கஞ்சி குடித்தேன். குடித்த வாயோடு எப்படிப் படுப்பது? கால்கள் தாமாக வாஷ்பேசினுக்குப் போயின. தண்ணீர் எடுத்து இரண்டு சுற்று சுழற்றித் துப்பினேன். மூன்றாவது தடவை வெள்ளைப் பேசினில் கருஞ்சிவப்பாக ஒன்று விழுந்தது. பிய்த்த நாவல்பழச் சதை போல, சுண்டுவிரல் நகம் அளவு. வழுக்கிக்கொண்டே போய் ஓட்டையில் இறங்கியது. 'கெட்ட ரத்தம் போச்சு' என்று நினைத்துக்கொண்டேன். நிம்மதியாகப் படுத்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அது கெட்ட ரத்தம் இல்லை. அந்தக் குழிக்கு இருந்த ஒரே மூடி.

முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. கன்னம் கொழுக்கட்டை போல் வீங்கியது. வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சிக்குப் போகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். வலி குறைந்துகொண்டே வந்தது. மூன்றாம் நாள் ராத்திரி அது திரும்பி வந்தது. இந்த வலி வேறு ஜாதி. தாடையில் கிளம்பிக் காதுக்குள் போய், நெற்றிப்பொட்டு வரை ஏறியது. முன்பு எட்டு மணி நேரம் தாங்கிய மாத்திரை இப்போது இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. வாயில் ஒரு கெட்ட வாடை. விடியற்காலை மூன்று மணிக்குக் கண்ணாடி முன்னால் நின்று, செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் சிவப்பாக இருக்க, குழி மட்டும் வெறுமையாக, அடியில் சாம்பல் பூத்த வெள்ளையாகத் தெரிந்தது. அது எலும்பு.

காலையில் டாக்டர் ஒருமுறைதான் எட்டிப் பார்த்தார். "அன்னைக்கு ராத்திரி கொப்பளிச்சீங்களா சார்?"

"லேசா..."

"லேசான்னா?"

தென்னை மரத்தடியைப் பற்றி நான் சொல்லவில்லை.

டிரை சாக்கெட் என்கிறார்கள். 1896-இலேயே க்ராஃபோர்ட் என்ற பல் மருத்துவர் விவரித்த சங்கதி. நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பல் இருந்த குழியில் ரத்தம் நிறைந்து உறைய வேண்டும். அந்த உறைவுதான் அடியில் இருக்கும் எலும்பையும் நரம்பு நுனிகளையும் மூடுகிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் புதுச் சதை வளர்கிறது. அது பெயர்ந்தாலோ, நேரத்துக்கு முன்பே கரைந்தாலோ எலும்பு காற்றுக்கும் எச்சிலுக்கும் திறந்து கிடக்கும். கீழ் ஞானப்பல் எடுத்தவர்களுக்கு இது வருவது அதிகம். புகை பிடிப்பவர்களுக்கும், கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் வாய்ப்பு கூடுதல். "துப்பினதாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். எதுவுமே பண்ணாதவங்களுக்கும் வரும். ஆனா நீங்க அதுக்குக் கதவைத் திறந்து வச்சுட்டீங்க" என்றார் டாக்டர். நியாயமான தீர்ப்பு.

சலைன் விட்டுக் குழியைக் கழுவி, மருந்தில் தோய்த்த சின்னத் திரி ஒன்றை உள்ளே வைத்தார். பத்து நிமிஷத்தில் வலி பாதியாயிற்று. வாயெல்லாம் ஒரே கிராம்பு மணம். வீட்டுக்கு வந்து வாயைத் திறந்ததும் அம்மா கண்டுபிடித்துவிட்டாள். "நான் முதல் நாளே என்ன சொன்னேன்? ஒரு கிராம்பை நசுக்கி வைடான்னு சொன்னேனா இல்லையா? அதுக்கு ஆயிரம் ரூபாய் ஃபீஸா?"

அம்மா பாதி சரி. அந்த மருந்தில் இருக்கும் யூஜினால் கிராம்பில் இருப்பதுதான். ஆனால் அங்கே அளவாக, மருந்தில் கலந்து, டாக்டர் கையால் வைக்கப்படுகிறது. வீட்டில் பஞ்சில் கிராம்புத் தைலத்தைத் தோய்த்துத் திறந்த புண்ணில் அழுத்தினால் சதை வெந்துபோகும். நசுக்கிய கிராம்பின் துணுக்கு குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மஞ்சள் தூளுக்கும் இதே பதில்தான். நல்லெண்ணெய் கொப்பளிப்பதைப் பற்றிச் சித்தி போனிலேயே பாடம் எடுத்தாள். நல்ல பழக்கமோ என்னவோ, பதினைந்து நிமிஷம் கன்னத்தை ஆட்டுவது புதுப் புண்ணுக்கு ஆகாது என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

இனி கொப்பளிப்புக்கு வருகிறேன். இந்த அனுபவத்தில் நான் கற்ற ஒரே வித்தை இதுதான்.

முதல் 24 மணி நேரம் எதுவுமே கூடாது. உப்புத் தண்ணீர் இல்லை, மவுத்வாஷ் இல்லை, வெறும் தண்ணீர்கூடச் சுழற்றக் கூடாது. தாகத்துக்குக் குடிக்கலாம், விழுங்கலாம். எச்சிலையும் விழுங்கிவிட வேண்டியதுதான். ரத்தம் கலந்த எச்சிலை விழுங்க அருவருப்பாக இருந்தால், குனிந்து வாயைத் திறந்து ஒரு துணியில் வழிய விடலாம். துப்பும்போதும் ஸ்ட்ராவில் உறிஞ்சும்போதும் வாய்க்குள் ஒரு இழுப்பு உண்டாகிறது. உறைந்த ரத்தத்தைப் பெயர்க்க அது போதும். இளநீர் குடிக்கப் போனால், தம்ளரில் ஊற்றித் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் பழக்கத்தில் ஸ்ட்ராவைச் செருகித்தான் நீட்டுவார்.

24 மணி நேரம் கழிந்ததும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். எவ்வளவு உப்பு? அம்மா 'ஒரு கை' என்றாள். எனக்கு அளவு வேண்டும். ஆஸ்பத்திரி சலைன் 0.9 சதவீதம், அதாவது லிட்டருக்கு 9 கிராம். எங்கள் வீட்டு எவர்சில்வர் தம்ளர் ஏறக்குறைய 240 மில்லி பிடிக்கும். 240-இல் 0.9 சதவீதம் 2.16 கிராம். தூள் உப்பு தலைதட்டி ஒரு டீஸ்பூன் சுமார் 6 கிராம். ஆக, மூன்றில் ஒரு பங்கு டீஸ்பூனுக்குச் சற்று மேல். டாக்டரிடம் கேட்டபோது அவர் யோசிக்காமலே "அரை ஸ்பூன்" என்றார். நான் ஒரு பக்கம் கணக்குப் போட்டு ஏறக்குறைய அங்கேயே வந்து சேர்ந்தேன். கல்லுப்பு என்றால் ஸ்பூனில் இடைவெளி விட்டு நிற்கும், எடை குறையும். முழுக்கக் கரையும்வரை கலக்கவும் வேண்டும். கரையாத ஒரு கல் குழியில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று நான் விவரிக்கப் போவதில்லை. கூட உப்புப் போட்டால் கூடச் சுத்தமாகும் என்பது பொய், எரிச்சல்தான் கூடும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், உதட்டில் வைத்தால் சூடு உறைக்காத பதம். சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு தடவையும், படுக்கும் முன்பு ஒரு தடவையும்.

இந்தத் தண்ணீர் கிருமியைக் கொன்று குவிக்கும் மருந்து அல்ல. ஒட்டிய சோற்றையும் பருக்கையையும் நோகாமல் நகர்த்துவது, புண்ணுக்கு இதமாக இருப்பது, அவ்வளவுதான். அதனால் வேகம் தேவையே இல்லை. ஒரு வாய் எடுத்து, தலையை இடப்பக்கம் சாய்த்து, தண்ணீரைக் குழியின் மேல் சும்மா அரை நிமிஷம் நிற்க விடுவேன். பிறகு வலப்பக்கம் சாய்ப்பேன். கன்னம் அசையக் கூடாது. பிறகு பேசின் மேல் குனிந்து, உதட்டைத் திறந்து, அது தானாக விழட்டும் என்று நிற்பேன். முதல் தடவை இது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? தொண்டையும் நாக்கும் தாமாகவே உந்தித் தள்ளப் பார்க்கும். நாலாவது நாளில்தான் கைவந்தது. வாசலில் நின்று பார்த்த என் பையன், "அப்பா, பாப்பா மாதிரி ஜொள்ளு விடறே" என்றான். சரியாகச் சொன்னான். அந்தப் பதம்தான்.

மவுத்வாஷ் விஷயத்தில் எனக்கு ஒரு பாடம் தனியாக இருந்தது. டாக்டர் எழுதித் தந்தது குளோர்ஹெக்சிடின், 0.2 சதவீதம். காலையும் இரவும் 10 மில்லி, ஒரு நிமிஷம். 1970-இல் டென்மார்க்கில் லோ, ஷியோட் என்ற இருவர் இதே 10 மில்லி, இதே 0.2 சதவீதத்தை வைத்துத்தான், பல் தேய்க்காமலேயே பல்லில் படலம் படியாமல் தடுக்கலாம் என்று காட்டினார்கள். புண் இருக்கும் பக்கம் பிரஷ் போட முடியாத நாட்களுக்கு இது உதவுவதற்கு அதுதான் காரணம். மணக்கிற நீல, பச்சை மவுத்வாஷ்கள் வேறு சமாசாரம். அவற்றில் ஆல்கஹால் இருந்தால் புண்ணில் தீப்பிடித்த மாதிரி இருக்கும்.

நான் செய்த தப்பு, பல் தேய்த்த கையோடு இதை ஊற்றிக்கொண்டது. நுரை வரவழைப்பதற்காகப் பேஸ்ட்டில் சேர்க்கும் பொருள் குளோர்ஹெக்சிடினைப் பிடித்து முடக்கிவிடும். இரண்டுக்கும் நடுவே அரை மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அதேபோல, ஊற்றிக் கொட்டிய பிறகு 'வாய் கசக்கிறதே' என்று உடனே தண்ணீர் விட்டு அலசினால், பல்லிலும் ஈறிலும் ஒட்டி நின்று வேலை செய்ய வேண்டிய மருந்தை நாமே கழுவி விடுகிறோம். நான் முதல் மூன்று நாள் இரண்டு தப்பையும் சேர்த்தே செய்தேன்.

இன்னொன்றை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆறாம் நாள் ரசத்தில் உப்பே இல்லை. கேட்டேன். என் மனைவி ருசி பார்த்துவிட்டு, "சரியாத்தானே இருக்கு" என்றாள். நான் நம்பாமல் ஒரு சிட்டிகை போட்டேன். பிறகு இன்னொரு சிட்டிகை. மிச்ச ரசத்தை வாயில் வைத்த பையன் ஓடிப்போய்த் துப்பினான். அவனுக்குத் துப்ப அனுமதி உண்டு. குளோர்ஹெக்சிடின் நாக்கின் உப்பு ருசியைக் கொஞ்ச நாளைக்கு மழுங்கடிக்கும் என்று மறுநாள் டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். மருந்தை நிறுத்தியதும் ருசி திரும்பிவிட்டது. பல்லில் படிந்த பழுப்புக் கறை அப்படிப் போகவில்லை. டீ, காபி குடிப்பவர்களுக்கு அது சீக்கிரம் படியும்; நான் நாளைக்கு நாலு டீ. கடைசியில் கிளீனிங் செய்துதான் போயிற்று. நல்ல மருந்துதானே என்று மாதக்கணக்கில் ஊற்றிக்கொள்ளக் கூடாது. எனக்குப் பத்து நாள் என்று எழுதியிருந்தார். பத்தாம் நாள் பாட்டிலை மூடிவிட்டேன். தைராய்டு இருக்கும் எங்கள் தலைமையாசிரியை, பெட்டாடின் ஊற்றிக் கொப்பளிக்கலாமா என்று என்னிடம் கேட்டார். அதில் அயோடின் இருக்கிறது, உங்கள் டாக்டரைக் கேளுங்கள் என்று தட்டிக்கழித்தேன்.

சாப்பாட்டில் நான் பட்டினி கிடக்கவில்லை. முதல் நாள் ஆறிய கஞ்சி, மோர், ஐஸ்கிரீம் (மருத்துவக் காரணத்துக்காக ஐஸ்கிரீம் சாப்பிடும் பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?). அடுத்த நாட்களில் பாலில் ஊறிய இட்லி, குழைத்த பருப்பு சாதம், ஆறிய கேழ்வரகுக் கூழ். ரசத்தை வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். ஏன் என்பது பின்னால் வரும். அப்பளமும் முறுக்கும் மூன்று வாரம் என் பக்கம் வரவில்லை. முதல் நாள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கன்னத்தின் வெளிப்பக்கம் இருபது நிமிஷம் வைப்பதும் இருபது நிமிஷம் எடுப்பதுமாக இருந்தேன். இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் வெந்நீர் ஒத்தடம். தலையணை இரண்டு. வலி மாத்திரையை மரமரப்பு விடும்முன்பே போட்டுவிட வேண்டும். வலி வந்த பிறகு போட்டால் அது நம்மைத் துரத்திக்கொண்டே வரும். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் சாப்பிடும் இதயநோயாளிகள் பல் எடுக்கிறோம் என்று தாமாகவே அதை நிறுத்திவிடக் கூடாது; இரண்டு டாக்டர்களும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது.

துவைத்துக் கூழான தாளுக்குப் பதிலாக, டாக்டர் சொல்லச் சொல்ல என் டைம்டேபிளின் பின்பக்கம் எழுதிக்கொண்டது இன்னும் இருக்கிறது: மூன்றாம் நாளுக்கு அப்புறம் வீக்கம் குறையாமல் கூடினால், காய்ச்சல் வந்தால், சீழ் வடிந்தால், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால், உதடு மரத்தே கிடந்தால் கொப்பளித்துக்கொண்டு வீட்டில் இருக்காதே, வா. மூச்சும் விழுங்கலும் சிரமம் என்றால் ராத்திரி என்றுகூடப் பார்க்காதே.

தையல் பிரித்த அன்று, முனை வளைந்த, ஊசி இல்லாத ஒரு பிளாஸ்டிக் சிரிஞ்சைக் கொடுத்தார். இனிமேல் குழிக்குள் இதால் கழுவலாம், அதற்கு முன்பு கூடாது என்றார். உறைவு உறுதிப்படும்முன் சிரிஞ்சால் பாய்ச்சுவதும் நான் பேசினில் செய்ததும் ஒன்றுதான். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை இழுத்து, முனையைக் குழியின் வாயில் வைத்து (உள்ளே குத்தாமல்), மெதுவாக அழுத்தினேன். முதலில் கலங்கலாகத் தண்ணீர். பிறகு ஒரு சோற்றுப் பருக்கை. மூன்றாவது அழுத்தலில் கருப்பாக ஒன்று வெளியே வந்து பேசினில் உருண்டது. உற்றுப் பார்த்தேன். கடுகு. தாளித்த முழுக் கடுகு. எந்த நாள் ரசத்தினுடையது என்று தெரியவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் சமையலறைக்குப் போய் டீ வடிகட்டியை ரசப் பாத்திரத்தின் பக்கத்தில் மாட்டினாள்.

குழி தூர்ந்து நாக்குக்குச் சமமாகத் தட்டுப்பட ஒன்றரை மாதத்துக்கு மேலாயிற்று. அதுவரை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு சிரிஞ்ச் என் சடங்கு.

எட்டு மாதம் கழித்து வலப்பக்கத்துப் பல்லையும் எடுத்தார்கள். அன்று ராத்திரி பத்து மணிக்கு அம்மா பழக்கதோஷத்தில் ஒரு சொம்புத் தண்ணீரோடு வாஷ்பேசின் பக்கத்தில் நின்றாள். "வாயைக் கொப்பளிச்சிட்டுப் படுப்பா." நான் கையெடுத்துக் கும்பிட்டேன். வாயில் ஊறிய எச்சிலை விழுங்கிக்கொண்டு, இரண்டு தலையணையில் சாய்ந்து, மூன்றாம் நாள் ராத்திரி வரை காதில் வலி வருகிறதா என்று கவனித்துக்கொண்டே கிடந்தேன். வரவில்லை. பழைய சிரிஞ்சைத் தேடினால் மேஜை இழுப்பறையில் இருந்தது. முனையெல்லாம் சிவப்பு. நடுவில் எப்போதோ விடைத்தாள் திருத்தும் பேனாவுக்கு அதால் மை நிரப்பத் தொடங்கியிருந்தேன். மருந்துக்கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்தேன்.